‘முடியாது’ என்கிற சொல்: ஜிம்னாஸ்டிக்ஸ், காயம், பொறுப்பு

1

1996 ஜூலை 23. அட்லாண்டா ஒலிம்பிக்ஸ். பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் குழுப் போட்டி முடியப்போகிற நேரம். அமெரிக்கக் குழுவில் கடைசியாகத் தாவ வேண்டியவர் கெர்ரி ஸ்ட்ரக், 18 வயது. வால்ட்டில் முதல் தாவலில் சரியாக இறங்காமல் கணுக்காலில் அடி. நொண்டிக்கொண்டே திரும்பி நடக்கிறார். இன்னொரு தாவல் பாக்கி இருக்கிறது. ஓரத்திலிருந்து பயிற்சியாளர் பெலா கரோலி ‘உன்னால் முடியும்’ என்று கத்துகிறார். அந்தப் பெண் ஓடுகிறார், தாவுகிறார், இறங்குகிறார், உடனே ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நடுவர்களுக்கு மரியாதை செய்துவிட்டு அப்படியே மண்டியிட்டுச் சரிகிறார். மதிப்பெண் 9.712. தங்கம். பிறகு பரிசு மேடைக்குக் கரோலி அவரைக் கைக்குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு வருகிறார்.

இதை நான் பார்த்தது பல வருஷம் கழித்து, ஒரு கம்ப்யூட்டர் திரையில். கண் கலங்கிவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். அந்தக் கண்ணீர் எப்படி உற்பத்தியானது, அதனால் யாருக்கு லாபம் என்று கேட்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

இரண்டு விஷயங்களைக் கவனிக்கணும். ஒன்று, கணக்கு. அன்று ஒரு குழுவில் ஆறு பேர் தாவினால் ஐந்து பேரின் மதிப்பெண்தான் எடுத்துக்கொள்ளப்படும். அமெரிக்காவின் மொத்தம் 389.225, ரஷ்யாவின் மொத்தம் 388.404. ஸ்ட்ரக் இரண்டாவது முறை தாவாமல் இருந்திருந்தால் டொமினிக் மோச்சியானுவின் 9.200 கணக்கில் வந்திருக்கும். வித்தியாசம் அரைப் புள்ளிக்குக் கொஞ்சம் மேல். அப்போதும் தங்கம் அமெரிக்காவுக்குத்தான். அந்த நிமிஷத்தில் ரஷ்யர்கள் இன்னும் ஆடி முடிக்கவில்லை, அதனால் யாருக்கும் இது உறுதியாகத் தெரிந்திருக்க நியாயமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் கணக்கு தெரிந்த பிறகும் கதை மாறவில்லை பாருங்கள். ‘தேசத்துக்குத் தங்கம் வாங்கிக்கொடுத்த தாவல்’ என்றே அது நின்றுவிட்டது.

இரண்டு, அடிபட்ட ஸ்ட்ரக்கைக் கவனித்த மருத்துவக் குழுவில் லாரி நாஸர் என்பவரும் இருந்தார். தேசிய அணியின் மருத்துவ ஒருங்கிணைப்பாளராக அந்த வருஷம்தான் அவர் நியமிக்கப்பட்டார். அவரைப் பற்றிப் பின்னால் பேசுவோம்.

எம்.ஏ. தமிழில் புறத்திணையை உருப்போட்டுத் தேறிய எனக்கு இந்தக் காட்சியின் இலக்கணம் புதுசில்லை. முகத்திலும் மார்பிலும் பட்டால் விழுப்புண், முதுகில் பட்டால் புறப்புண். புறநானூற்றில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டுகிற கிழவி, மகன் புறமுதுகிட்டுச் செத்தான் என்று ஊரார் சொன்னதும் அவனுக்குப் பால்கொடுத்த முலையை அறுத்தெறிவேன் என்று வாளோடு களத்துக்குப் போகிறாள். துண்டுபட்டுக் கிடக்கும் உடலைக் கண்டதும் பெற்ற நாளைவிட அதிகமாக மகிழ்கிறாள். வகுப்பில் இதை வீரம் என்று எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். இப்போது திரும்ப வாசிக்கும்போது வேறொன்று கண்ணில் படுகிறது. இந்தப் பிரதியில் ஊர் பேசுகிறது, தாய் பேசுகிறாள், புலவர் பேசுகிறார். மகன் மட்டும் பேசுவதில்லை. காயத்தைப் புகழ்கிற சொல்லாடலுக்குக் காயம்பட்டவரின் மௌனம் ஒரு நிபந்தனை.

நம் பத்திரிகைகளும் இதே இலக்கணத்தில்தான் எழுதுகின்றன. 2016 ரியோ ஒலிம்பிக்ஸில் திரிபுராவின் தீபா கர்மாகர் 0.15 புள்ளியில் வெண்கலத்தைத் தவறவிட்டு நாலாவது வந்தார். அவர் செய்த ப்ரொடுனோவாவை ‘மரணத் தாவல்’ என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள். பழைய ஸ்கூட்டர் உதிரிபாகங்களைக் கொண்டு செய்த வால்ட்டில் அவர் ஆரம்பத்தில் பழகினார் என்பதும் செய்திகளில் வந்தது, உருக்கமான வறுமைக் கதையாக. கழுத்து முறியக்கூடிய ஒரு தாவலுக்கு ஒழுங்கான தளவாடம் தராத அரசைக் கேட்க வேண்டிய கேள்வி, அந்த உருக்கத்தில் கரைந்துபோனது.

2

ஸ்ட்ரக்குக்குப் பதினாறு வருஷம் முன்னால் போவோம். சோவியத் யூனியனின் யெலீனா முகினா 1978-ல் உலகச் சாம்பியன். 1979-ல் கால் முறிந்தது. எலும்பு சரியாகச் சேர்வதற்குள் பயிற்சிக்குத் திரும்ப வேண்டியிருந்தது. மாஸ்கோ ஒலிம்பிக்ஸுக்கு ஆள் வேண்டும். அவருடைய தரை ஆட்டத்தில் ‘தாமஸ் சால்ட்டோ’ என்ற ஒரு சுழற்சியைச் சேர்த்தார்கள். அது அதுவரை ஆண்கள் செய்துகொண்டிருந்த வித்தை. உடலைச் சுருட்டிச் சுழன்று தலையும் தோளும் முதலில் தரையைத் தொடும்படி உருண்டு எழ வேண்டும். வேகம் கொஞ்சம் குறைந்தாலும் தாடை தரையில் மோதும். முகினா தன் பயிற்சியாளரிடம் இதனால் என் கழுத்து முறியப்போகிறது என்று பல தடவை சொல்லியிருக்கிறார். உன்னைப் போன்றவர்களுக்கெல்லாம் கழுத்து முறியாது என்று பதில் வந்ததாகப் பின்னால் ஒரு பேட்டியில் தெரிவித்தார்.

1980 ஜூலை 3, மின்ஸ்க் நகரம். ஒலிம்பிக்ஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கழுத்து முறிந்தது. வயது 20. கழுத்துக்குக் கீழே செயலிழந்த உடலோடு 26 வருஷம் வாழ்ந்து 2006-ல் இறந்தார். விழுந்த அந்தக் கணத்தில் அவர் மனதில் ஓடியது ‘அப்பாடா, இனி ஒலிம்பிக்ஸுக்குப் போக வேண்டாம்’ என்பதுதானாம். ஒரு மனுஷி தன் கழுத்து முறிவதை விடுதலையாக உணர்கிற அளவுக்கு வேறு எந்த வாசலும் இல்லாமல் அடைத்துவைத்திருந்தது யார்? பயிற்சியாளர் ஒருவர் மட்டுமா?

ஃபூக்கோவை இங்கே கூப்பிடுவது நம் வட்டாரத்தில் வழக்கம். நானும் கூப்பிடுகிறேன், ஒரே ஒரு காரியத்துக்கு. பணியவைக்கப்பட்ட உடல் பற்றி அவர் சொன்னதை வெறும் அடி உதை, கண்காணிப்பு என்று மட்டும் எடுத்துக்கொண்டால் போதாது. உடலைப் பற்றிய அறிவு கைமாறுவதுதான் அங்கே நடக்கிற முக்கியமான காரியம். முகினாவின் கழுத்தைப் பற்றி முகினாவுக்குத் தெரிந்தது ‘பயம்’ ஆகிவிடுகிறது. பயிற்சியாளர் சொல்வது ‘அறிவு’ ஆகிவிடுகிறது. ‘முடியாது’ என்கிற சொல்லை ஒரு தகவலாக யாரும் கேட்டுக்கொள்வதில்லை. குணக்கேடு என்று குறித்துக்கொள்கிறார்கள்.

இடதுசாரித் தோழர்கள் இதை ‘அமெரிக்க வணிக விளையாட்டின் சீரழிவு’ என்று ஒதுக்கிவிட முடியாது. முகினா சோசலிச நாட்டின் மகள். 1976 மாண்ட்ரியலில் 14 வயதில் முழுப் பத்து வாங்கிய நாடியா கொமனேச்சியை உருவாக்கிய கரோலி தம்பதியர் 1981-ல் ருமேனியாவிலிருந்து அமெரிக்காவுக்குத் தப்பிப்போனார்கள். அங்கே அவர்களுடைய பயிற்சி முறையை யாரும் சித்தாந்தச் சோதனைக்கு உட்படுத்தவில்லை. பனிப்போரின் இரண்டு பக்கமும் பதக்கம் என்றால் ஒரே அகராதிதான்.

3

இதைவிடத் தெளிவான ஓர் உதாரணம் சிட்னியில் கிடைக்கிறது. 2000 செப்டம்பர் 21, தனிநபர் இறுதிப் போட்டி. வால்ட் குதிரையின் உயரம் 125 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். 120-ல் வைத்துவிட்டார்கள். உலகின் தலைசிறந்த பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து தடுமாறுகிறார்கள், விழுகிறார்கள். பிரிட்டனின் அனிக்கா ரீடர் அடிபட்டு விலக நேர்ந்தது. ரஷ்யாவின் ஸ்வெத்லானா கோர்கினா வால்ட்டில் விழுந்தார். அந்த நிலைகுலைவோடு போய் அடுத்ததாக பாரிலும் விழுந்தார்.

போட்டியாளர்களில் பாதிப்பேர் தாவி முடித்த பிறகு, ஆஸ்திரேலியாவின் அலானா ஸ்லேட்டர் என்ற பெண் குதிரை தாழ்வாக இருக்கிற மாதிரி இருக்கிறதே என்று சொன்னார். அளந்து பார்த்தார்கள். ஐந்து சென்டிமீட்டர் குறைச்சல். திரும்பத் தாவ வாய்ப்புக் கொடுத்தார்கள். கோர்கினாவுக்கு அது பிரயோஜனப்படவில்லை. பாரில் விழுந்ததை யார் திருப்பித் தருவது?

நடுவர்கள், அதிகாரிகள், பயிற்சியாளர்கள் நிறைந்த அரங்கம். தரைக்கும் குதிரைக்கும் இடையில் ஐந்து சென்டிமீட்டர் காணாமல் போயிருந்தது. எல்லோரும் அதைப் பெண்களின் உடலில் தேடிக்கொண்டிருந்தார்கள். பெண்களே அப்படித்தான் தேடினார்கள். தவறு நடந்தால் அது உன் தவறு என்று ஆறு ஏழு வயதிலிருந்து சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் அளவு நாடாவை எப்படிக் கேட்பார்கள்? தளவாடம் தப்பாக இருக்கிறது என்று வாய்திறக்க அன்று ஒருத்தி துணிந்ததை நான் ஸ்ட்ரக்கின் தாவலுக்குக் குறைவாக மதிக்க மாட்டேன். அவருடைய படம் மட்டும் எந்தச் சுவரொட்டியிலும் வரவில்லை.

4

இப்போது நாஸர். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் மருத்துவர். சிகிச்சை என்ற பெயரில் சிறுமிகளையும் இளம்பெண்களையும் பல வருஷங்கள் பாலியல் வன்முறைக்கு உட்படுத்தியவர். 2018 ஜனவரியில் மிச்சிகன் நீதிமன்றத்தில் ஏழு நாட்கள், 156 பெண்கள் பேசினார்கள். 40 முதல் 175 வருஷம் தண்டனை. அதற்கு முன்பே குழந்தைகளின் ஆபாசப் படங்கள் வைத்திருந்த வழக்கில் 60 வருஷம்.

பத்திரிகைகள் அவரை ‘அரக்கன்’ என்றன. அரக்கன் என்ற சொல் ரொம்ப வசதியானது. அரக்கனைப் பிடித்து உள்ளே போட்டால் ஊர் சுத்தமாகிவிடும். அரக்கனுக்கு அறை ஒதுக்கியவர்கள், கதவைச் சாத்திக்கொடுத்தவர்கள், புகாரை மேஜை டிராயரில் போட்டவர்கள் எல்லோரும் ஊர்க்காரர்களாகவே நீடிக்கலாம்.

டெக்சாஸில் ஹண்ட்ஸ்வில் பக்கம் கரோலி பண்ணை. தேசிய அணியின் பயிற்சி முகாம் அங்கேதான். பெற்றோர் தங்க அனுமதியில்லை. சாப்பாட்டைக் கண்காணித்தார்கள். வலிக்கிறது என்று சொன்னால் அணியிலிருந்து பெயர் போய்விடுமோ என்ற பயம். அந்த இடத்தில் சிரித்த முகத்தோடு பேசி, ரகசியமாகத் தின்பண்டம் கொடுத்த மனிதர் நாஸர். இதை அந்தப் பெண்களே சொல்லியிருக்கிறார்கள். பயிற்சியாளரின் கடுமையும் டாக்டரின் அன்பும் இரண்டு தனித்தனி விஷயங்கள் இல்லை. அந்தக் கடுமை இருந்ததால்தான் இந்த அன்புக்கு விலை இருந்தது. பட்டினி போட்ட இடத்தில் ஒரு மிட்டாய் எவ்வளவு பெரிய அதிகாரம்! பயிற்சி நெறிமுறை வேறு, பாலியல் குற்றம் வேறு என்று பிரித்துப் பேசுகிறவர்கள் இந்த மிட்டாயை யோசித்துப் பார்க்க வேண்டும்.

புகார்கள் வராமல் இல்லை. 2014-ல் பல்கலைக்கழகம் ஒரு புகாரை விசாரித்து அவரை விடுவித்தது. 2016 ஆகஸ்டில் ‘இண்டியானாபோலிஸ் ஸ்டார்’ நாளிதழ் வெளியிட்ட புலனாய்வில் இன்னொன்று வெளிவந்தது. யு.எஸ்.ஏ. ஜிம்னாஸ்டிக்ஸ் அமைப்பு 50-க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள் மீதான புகார்க் கோப்புகளை அலுவலகத்தில் வைத்திருந்தது. பாதிக்கப்பட்டவரோ அவருடைய பெற்றோரோ கையெழுத்திடாத புகாரைக் கேள்விப்பட்ட பேச்சு என்று ஒதுக்குவது அங்கே நடைமுறை. ‘முடியாது’ என்று சொன்னால் அணியை விட்டுப் போக வேண்டிய ஓர் உலகத்தில், கையெழுத்துப் போடு என்று கேட்பதன் அர்த்தம் என்ன? அந்தச் செய்தியைப் படித்துவிட்டுத்தான் ரேச்சல் டென்ஹாலண்டர் அந்த நாளிதழுக்கு எழுதினார். நாஸரின் பெயர் பொதுவெளிக்கு வந்தது.

அதற்கு முந்தைய வருஷம், 2015 ஜூனில், பண்ணையில் மேகி நிக்கோல்ஸ் சக வீராங்கனை ஒருவரோடு நாஸரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததை அவருடைய பயிற்சியாளர் சாரா ஜான்ட்ஸி கேட்க நேர்ந்தது. அவர் உடனே அமைப்புக்குத் தெரிவித்தார். பயிற்சியாளர் என்றாலே வில்லன் என்று நான் எழுதிக்கொண்டிருப்பதாக யாராவது நினைத்தால் இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளட்டும். அவர் செய்ததில் வீரசாகசம் எதுவும் கிடையாது. காதில் விழுந்ததை நம்பினார், மேலே சொன்னார்.

மேலே போனதும் என்ன ஆயிற்று? அமைப்பு ஐந்து வாரம் எடுத்துக்கொண்டு எஃப்.பி.ஐ.யிடம் போனது. எஃப்.பி.ஐ. செப்டம்பரில் மெக்கெய்லா மரோனியிடம் தொலைபேசியில் வாக்குமூலம் வாங்கியது. அதை முறைப்படி ஆவணமாக எழுதியது 17 மாதம் கழித்து, அதுவும் தப்புத் தப்பாக. பல்கலைக்கழகத்துக்கு யாரும் தெரிவிக்கவில்லை. 2016 செப்டம்பர் வரை நாஸர் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அமெரிக்க நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் 2021 ஜூலையில் வெளியிட்ட அறிக்கை இதையெல்லாம் பதிவுசெய்கிறது. புகார் போன பிறகும், அந்த இடைப்பட்ட காலத்தில் பாதிக்கப்பட்டவர்கள் மட்டும் ஏறத்தாழ 70 பேர்.

தலைவர்கள் ராஜினாமா செய்தார்கள். பணம் கொடுத்தார்கள்: பல்கலைக்கழகம் 2018-ல் 50 கோடி டாலர், யு.எஸ்.ஏ. ஜிம்னாஸ்டிக்ஸும் ஒலிம்பிக் குழுவும் 2021-ல் 38 கோடி, நீதித்துறை 2024-ல் 13.87 கோடி. இந்தத் தொகைகளைக் குறைத்து மதிப்பிடவில்லை. அந்தப் பெண்களுக்கு அது சேர வேண்டியதுதான். ஆனால் பொறுப்பு என்பது கடைசியில் கட்டுகிற அபராதமா, முதல் நாள் கேட்கிற காதா என்ற கேள்வி மீதி இருக்கிறது.

அமெரிக்காவோடு நிற்கவில்லை. பிரிட்டனில் வழக்கறிஞர் ஆன் வைட் நடத்திய விசாரணையின் அறிக்கை 2022 ஜூனில் வந்தது. 400-க்கும் மேற்பட்டவர்கள் எழுதிக்கொடுத்திருந்தார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பயிற்சியாளர்களின் மனரீதியான துன்புறுத்தலைச் சொன்னார்கள். எடை பார்ப்பதை வைத்து அவமானப்படுத்துவது, காயத்தோடு பயிற்சி செய்யவைப்பது, தண்ணீர் குடிக்கவும் கழிவறைக்குப் போகவும் விடாதது. அங்கே நாஸர் போல ஒரு பெயர் இல்லை. அன்றாட வழக்கமாகவே இருந்தது.

5

விளையாட்டு ஆசிரியராக இருக்கிற நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தேன். “எல்லாம் சரி தோழர், நீங்க புத்தகம் படிக்கிறவங்க, பேசுவீங்க. கண்டிப்பு இல்லாம ஒரு பொண்ணு பீம் மேல பல்டி அடிக்குமா? பயமா இருக்குன்னு சொல்ற பிள்ளையை ஒவ்வொரு தடவையும் இறக்கி விட்டா, அது எப்பத்தான் கத்துக்கும்?” என்றார்.

நியாயமான கேள்வி. பயத்தைத் தாண்ட வைப்பது பயிற்சியாளரின் வேலைதான். ஆனால் அந்த வேலைக்கென்று கருவிகள் இருக்கின்றன. ஸ்பாஞ்சு நிரப்பிய பள்ளம், மெத்தை, இடுப்பில் கட்டுகிற வார், பக்கத்தில் நின்று தாங்குகிற கை. பயப்படுகிற பிள்ளையின் பயம் எதைப் பற்றியது என்று கேட்டு, அதற்கேற்ப ஒரு படி கீழே இறக்கி மறுபடி ஏற்றுவது தொழில் திறமை. கத்துவதற்குத் திறமை தேவையில்லை. 1988-ல் டோக்கியோவில் அமெரிக்காவின் ஹூலிஸ்ஸா கோமஸ் யூர்ச்செங்கோ தாவலில் கால் வழுக்கிக் கழுத்து முறிந்து, 1991-ல் இறந்தார். பின்னால் அந்தத் தாவலுக்குப் பலகையைச் சுற்றி ஒரு மெத்தை வளையம் கட்டாயமானது. துணிச்சலைக் கூட்டுவதைவிட ஒரு மெத்தை வளையத்தைக் கூட்டுவது எளிது. அதற்கு ஏன் ஒரு உயிர் போக வேண்டியிருந்தது என்பதுதான் என் கேள்வி.

நண்பருக்கு நான் சொன்ன இன்னொரு பதில் சிமோன் பைல்ஸ். 2021 ஜூலை 27, டோக்கியோ. இரண்டரைத் திருகு செய்ய வேண்டிய தாவலில் ஒன்றரையோடு இறங்கினார். காற்றில் இருக்கும்போது உடல் எங்கே இருக்கிறது என்று மூளைக்குத் தெரியாமல் போகிற நிலை அது. அந்த நிலையில் அடுத்த திருகு கழுத்தில் போய் முடியலாம். அவர் குழுப் போட்டியிலிருந்து விலகினார். அமெரிக்காவுக்கு வெள்ளி. உலகம் முழுக்க வசை: கோழை, தேசத்தைக் கைவிட்டவள். புறப்புண் பட்டவளைப் போலப் பேசினார்கள். அப்போது மோச்சியானு, 1996-ல் 14 வயதில் தான் பீமில் தலைகுப்புற விழுந்ததையும், கழுத்தை யாரும் பரிசோதிக்காமலே சில நிமிஷத்தில் அடுத்த ஆட்டத்துக்குப் போனதையும் நினைவுபடுத்தினார். அதே அட்லாண்டா, அதே குழு, ஸ்ட்ரக்கின் தங்கத்துக்குப் பின்னால் இருந்த இன்னொரு கழுத்து. ஸ்ட்ரக்கும் பைல்ஸுக்கு ஆதரவு சொன்னார்.

பைல்ஸ் ‘முடியாது’ என்று சொல்ல முடிந்தது அவர் பைல்ஸ் என்பதால். அத்தனை பதக்கம் குவித்த பிறகுதான் அந்தச் சொல்லுக்கு உரிமை கிடைக்கிறது. 2018 ஜனவரியில், தானும் நாஸரால் பாதிக்கப்பட்டதை எழுதி, அதே பண்ணைக்குத் திரும்பிப் போவதை நினைத்தால் மனம் உடைகிறது என்றார். மூன்றே நாளில் பண்ணையோடு உறவு முறிந்தது. எத்தனையோ சிறுமிகளால் மூட முடியாததை ஒரு சாம்பியனின் ஒரு பத்தி மூடியது. இதை வெற்றி என்று கொண்டாட எனக்கு மனசு வரவில்லை. பாரிஸில் 2024-ல் அவர் மூன்று தங்கம் வென்றார், ‘பார்த்தீர்களா, ஓய்வெடுத்தால் பதக்கம் வரும்’ என்று எழுதினார்கள். பதக்கம் வந்திருக்காவிட்டால்? 2021-ல் அவர் சொன்னது அப்போதே சரிதான். நிரூபணத்துக்குத் தங்கம் தேவையில்லை.

6

இதையெல்லாம் நம் பத்திரிகையில் ஏன் எழுத வேண்டும்? ஜிம்னாஸ்டிக்ஸ் பார்க்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்?

சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் நான் வேலை செய்த ஒரு அமைப்பில், மூத்த தோழர் ஒருவரின் நடத்தை பற்றி ஒரு பெண் என்னிடம் சொன்னார். களத்தில் அடிபட்டவர், சிறை போனவர் என்று நாங்கள் எல்லோரும் தலையில் தூக்கிவைத்திருந்த தோழர் அவர். நான் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, முறைப்படி நடக்கணும் என்றுதான் சொன்னேன்: “எழுத்துல கொடுங்க, பேர் போட்டுக் கொடுங்க, கமிட்டியில வைக்கலாம்.” அவர் கொடுக்கவில்லை. அடுத்த மாதத்திலிருந்து கூட்டத்துக்கும் வரவில்லை. கையெழுத்து இல்லாததால் ‘பிரச்சினை’ இல்லாமல் போயிற்று.

அந்த அமெரிக்க அலுவலகத்தின் கோப்புகளைப் பற்றிப் படித்தபோது எனக்குத் தெரிந்த வாக்கியம்தான் அங்கேயும் இருந்தது. தியாகத்தைப் புகழ்ந்து பழகிய எந்த இடத்திலும், வலிக்கிறது என்று சொல்கிறவரிடம் நாம் முதலில் கேட்பது அத்தாட்சியைத்தான். சாரா ஜான்ட்ஸிக்கு அத்தாட்சி இருக்கவில்லை. அவர் காதில் விழுந்த ஒரு பேச்சுதான் இருந்தது.

அந்தப் பெண்ணிடம் நான் அன்று கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான்: “உங்களுக்கு இப்ப என்ன செய்யணும்?” அதை நான் கேட்கவில்லை.